கழட்டி வச்ச சீட்டு

நகர வேண்டாம்மா, இப்படியே உட்காருங்க. என்கிட்ட மீன் வாடை அடிக்கி, அதுக்குத்தான தள்ளிப் போறீங்க? எனக்கே குமட்டுது. நாங்க திருநெல்வேலி சைவப் பிள்ளைமார். முட்டை அவிச்ச பாத்திரம்னு தெரிஞ்சா அதுல பச்சைத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன். அப்பேர்ப்பட்டவ கருவாட்டு நாத்தத்தோட சிங்கப்பூர் ஏர்போர்ட்டுல உட்கார்ந்திருக்கேன். பெட்டிக்குள்ள இருந்த புடவை வரைக்கும் ஏறிப் போச்சு. எதைக் கட்டினாலும் இதே நாத்தம்தான்.

நீங்களும் சென்னைக்கா? நேரம் கெடக்குல்லா. அப்ப சொல்லுதேன், கேளுங்க. யார்ட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு ஆறாது.

எனக்கு ஒரே மக. உலகம்மைன்னு பேரு. பாபநாசத்து அம்மன் பேரு. அந்தப் பேரை வச்சா உலகத்தோட கடைக்கோடியில போய் உட்காருவான்னு யாரு கண்டா? டாக்டருக்குப் படிச்சா. பாளையங்கோட்டையில இல்லாத ஆஸ்பத்திரியா, மதுரையில இல்லாததா? பசிபிக் சமுத்திரத்துல ஏதோ தீவுல டாக்டர் இல்லையாம், ரெண்டு வருஷ ஒப்பந்தமாம், போறேன்னு கிளம்பிட்டா. அவுக இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாவ. எங்க வீட்டுக்காரரைச் சொல்லுதேன். அவுகதான் போய்ச் சேர்ந்துட்டாவளே. ரெண்டு வருஷம்னு போனவ, நாலாவது வருஷமும் அங்ஙனயே கெடக்கா.

இந்தத் தடவை நல்ல இடம் ஒண்ணு வந்துச்சு. பாளையங்கோட்டைதான். மாப்பிள்ளையும் டாக்டர், எலும்பு டாக்டர். போன்ல சொன்னா வைக்கிறேன்னு சொல்லி வச்சிருதா. சரி, நேர்ல போய்க் கையோட கூட்டிட்டு வந்துருவோம்னு கிளம்பினேன். அவகிட்ட, சும்மா உன்னைப் பாக்கத்தாம்மா வாறேன்னு சொன்னேன்.

சிங்கப்பூர், பிஜி, அப்புறம் அந்த நாட்டுத் தலைநகரம். அதுவரைக்கும் மனுஷன் போற விமானம்தான். அதுக்கு அங்கிட்டுத்தான் கூத்து. பெட்டியை நிறுக்கான், சரி. அடுத்தாப்புல என்னைக் கைகாட்டுதான். மேல ஏறுங்கான்! ரேஷன் கடையில அரிசி மூட்டை நிறுக்குமே, அந்த மாதிரி தராசு. நான் ஏற மாட்டேன்னு நின்னேன். எனக்கு முன்னால ஒரு மலை மாதிரி ஆளு ஏறினான். முள்ளு ஒரு சுத்துச் சுத்தி நிக்கி. எடையைச் சத்தமாச் சொன்னதும் வரிசையில நின்னதெல்லாம் கை தட்டுது, அவனும் வெக்கமில்லாம சிரிக்கான். கடைசியில என்னையும் ஏத்திட்டானுவ. என் எடையையும் அதே மாதிரி கத்திச் சொல்லுதான். பெத்த தாய்க்குத் தெரியாதும்மா என் எடை.

விமானம்னா, நம்ம ஊர் ஷேர் ஆட்டோவுக்கு றெக்கை வச்ச மாதிரி. டிரைவர் முதுகு தெரியுது. பைலட்டுன்னு சொல்லணுமோ? அவன் ஒரு கையால ஓட்டிக்கிட்டு இன்னொரு கையால பன் திங்கான். என் பக்கத்துச் சீட்டுக்காரி மடியில ஒரு ஓலைக்கூடை. அதுக்குள்ள இருந்து நண்டு ஒண்ணு காலை நீட்டி என் புடவையைப் பிடிச்சு இழுக்கு. அவ அதை ஒரு தட்டுத் தட்டி உள்ள தள்ளிட்டு, எனக்கு ஒரு சிரிப்பு. வழி முழுக்கக் கண்ணை மூடிக் காந்திமதி அம்மனைக் கூப்பிட்டுக்கிட்டே போனேன். இறங்கப் போற நேரத்துல சர்ருன்னு திரும்ப மேல ஏறுதான். என்னான்னு பார்த்தா ரன்வேயில பன்னி படுத்திருக்கு.

ஏர்போர்ட்டுங்குறது வெள்ளை மணல்ல ஒரு பாதை. ஓரத்துல தாழை ஓலை வேய்ஞ்ச கொட்டகை. அவ்வளவுதான். அந்தக் கொட்டகைக்கு ஒரு மகாராணி. பேரு தெரேத்தியா. என்னை மாதிரி ரெண்டு பங்கு இருப்பா, காலுல செருப்புக் கிடையாது. அவதான் டிக்கெட் குடுப்பா, அவதான் எடை போடுவா, அவதான் ரேடியோவுல விமானத்தோட பேசுவா, அவதான் கம்பை எடுத்துக்கிட்டு ரன்வேயில பன்னி விரட்டுவா. எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. என்னைப் பார்த்ததும், "டாக்டர் மதர்! டாக்டர் மதர்!"னு கத்திக்கிட்டு வந்து கட்டிப் பிடிச்சா. பன்னி விரட்டின கை.

எம் மக கறுத்து, இளைச்சு, முடியெல்லாம் செம்பட்டை அடிச்சு நின்னா. ஒரு அறைதான் ஆஸ்பத்திரி. இன்னொரு அறை அவ வீடு. பக்கத்துல கயிறு கட்டி மீனைக் காயப் போட்டிருக்கு. ஏட்டி, இந்த நாத்தத்துல எப்படிட்டி இருக்கேன்னா, எந்த நாத்தம்மான்னு கேக்கா. நல்லா இருந்த மூக்கும்மா அது. வீட்டுல பெருங்காயம் கொஞ்சம் கூடினாக் கண்டு பிடிச்சிருவா.

அழுதேன், சண்டை போட்டேன், ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடந்தேன். ராத்திரியெல்லாம் நெஞ்சு வலிக்குன்னேன். டாக்டர்ட்டயே பொய் சொல்ல முடியுமா? நாடியைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "சரிம்மா, ஒரு மாசம் லீவு போட்டுட்டு வாறேன், மாப்பிள்ளையைப் பாக்கேன், அதுக்கு மேல கேக்காத"ன்னா. போதும்லா? ஊருக்கு வந்துட்டா மிச்சத்தை நான் பாத்துக்கிட மாட்டேனா?

விமானம் வாரத்துக்கு ஒண்ணு. அதுவும் வந்தா உண்டு. அன்னிக்கு வந்துச்சு. என்னை எடை போட்டாச்சு, அவளையும் போட்டாச்சு, பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. என் சீட்டுல உட்கார்ந்து பெல்ட்டும் மாட்டிட்டேன். அப்ப பார்த்து நாலு பேரு ஒரு கதவுப் பலகையைத் தூக்கிட்டு ஓடி வாரானுவ. அதுல ஒருத்தன் கெடக்கான். தென்னை மரத்துல இருந்து விழுந்துட்டான். எம் மக அப்பத்தான் படியில கால வச்சா. பையைக் கீழ போட்டுட்டு ஓடிட்டா.

நான் ஜன்னல் வழியாப் பாக்கேன். அவன் வயித்தை அமுக்குதா, கண்ணைப் பிரிச்சுப் பாக்கா, ஊசி போடுதா. அப்புறம் பைலட்டுகிட்ட ஏதோ சொல்லுதா. அவன் ஸ்பானரை எடுத்துட்டு உள்ள வந்தான். எதுக்கு? சீட்டைக் கழட்ட! தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குப் படுக்க வச்சுக் கொண்டு போகணுமாம், ஒரு பக்கத்துச் சீட்டு முழுக்கக் கழட்டணுமாம். இன்னொரு பக்கம் ஆக்சிஜன் சிலிண்டரும் எம் மகளும். வேற யாருக்கும் இடமில்லை.

என்கூட இருந்தவங்க எல்லாம், ஒரு பாதிரியார் கூட இருந்தாரு, யாரும் கேக்காமலே எழுந்திரிச்சு இறங்கிட்டாங்க. எதுக்கும்மா அவசரம்? வாய் இல்லையா, டிக்கெட் இல்லையா? நான் இறங்கலை. நான் ஏன் இறங்கணும்? ஒருத்தரும் என்னை இறங்குன்னு சொல்லலை. கீழ வரிசையா நின்னுக்கிட்டு என்னையே பாக்கானுவ. அது சொல்றதை விட மோசம். பைலட்டு ஸ்பானரை வச்சுக்கிட்டு, மேடம், மேடம்ங்கான். எம் மக உள்ள வந்தா. கையெல்லாம் ரத்தம். குனிஞ்சு என் பெல்ட்டைக் கழட்டினா. அவ்வளவுதான்.

என் சீட்டைத் தூக்கி மணல்ல வச்சான். நான் அதுலயே உட்கார்ந்தேன். பின்ன? டிக்கெட் என்னுதுல்லா. வெயில்ல, மணலுக்கு நடுவுல, விமானத்துச் சீட்டுல நான் உட்கார்ந்திருக்கேன், விமானம் எனக்கு முன்னால நிக்கி. இப்படி ஒரு கேவலம் யாருக்காவது நடந்திருக்கா?

அதுக்கப்புறம்தான் சொன்னாங்க, விழுந்தவன் தெரேத்தியா புருஷன்னு. இயோத்தெபாவோ என்னமோ பேரு. எதுக்கு மரம் ஏறினான்? கள்ளு இறக்க! கள்ளு இறக்கப் போயி விழுந்தவனுக்கு என் சீட்டும்மா. அவளைப் பாருங்களேன், புருஷன் உள்ள கெடக்கான், அவன் முகத்தை ஒரு தடவை தடவினா, கதவைச் சாத்தினா, கம்பை எடுத்துக்கிட்டு ரன்வேக்கு ஓடிட்டா. பன்னியை விரட்டணும்லா! நம்ம ஊர்ப் பொம்பளையா இருந்தா சக்கரத்துல விழுந்து அழுதிருப்பா. விமானம் போன திக்கைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்னா. திரும்பி வந்து என் பெட்டியைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, "கம், மதர்"னா. அவ வீட்டுக்கு.

அடுத்த வாரம் விமானம் வரலை. ஏதோ பாகம் உடைஞ்சு போச்சாம். அதுக்கடுத்த வாரமும் வரலை. நான் தெரேத்தியா வீட்டுல கெடந்தேன். வீடுன்னா சுவர் கிடையாது, பாய்தான். இருந்ததுல நல்ல பாயை எனக்குப் போட்டுட்டா, அது அவ கல்யாணத்துப் பாயாம். ஓரமெல்லாம் பிரிஞ்சு முதுகைக் குத்துச்சு. பகல் முழுக்கக் கொட்டகையில போய் உட்காருவேன், கழட்டி வச்ச என் சீட்டுலதான். வேற யாரும் அதுல உட்கார மாட்டாங்க. அதுக்காவது மரியாதை தெரிஞ்சுதே.

ஒரு நிமிஷம் தனியா இருக்க விட மாட்டாளுவம்மா. காலைல ரெண்டு கிழவி வந்து என் காலடியில உட்காருவாளுவ. அவளுவ எழுந்து போனா வேற ரெண்டு பேரு வருவாளுவ. பேசவும் தெரியாது, சும்மா உட்கார்ந்து பாய் முடைவாளுவ. சாயங்காலம் வரைக்கும் ஆள் மாத்தி ஆள். வேலைவெட்டி இல்லாத ஊரு.

சாப்பாட்டுக்கு மீனைத்தான் நீட்டினாங்க முதல்ல. நான் வாந்தி எடுத்ததைப் பார்த்துட்டு அப்புறம் நீட்டலை. தெரேத்தியா எனக்குன்னு தனிச் சட்டியில சோறு பொங்குவா. பூசணிக்காய் எங்கேயோ போய் வாங்கிட்டு வருவா. தேங்காய்க்குப் பஞ்சமில்லை. அவ வீட்டுல யாரும் சோறு தொடலை. மீனும் தேங்காயும்தான். பிள்ளைங்க மட்டும் என் சட்டியையே பாத்துக்கிட்டு நிக்கும். அதுகளுக்குக் குடுன்னு சொன்னா, "நோ லைக் ரைஸ்"ங்கா. என்ன மனுஷங்களோ, அரிசிச் சோறு பிடிக்காதாம்! கடைசியில ஒரு நாள் மூட்டையை உதறிக் காட்டினா, காலி. கப்பல் வந்தாத்தான் அரிசியாம். அப்புறம் பூசணிக்காயும் ஈரப்பலாவும்தான். எங்க வீட்டு மாட்டுக்குப் போடுவோம் பூசணிக்காயை.

சாயங்காலமானா ரேடியோ. தலைநகரத்துல இருந்து எம் மக பேசுவா. அம்மா சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான் எனக்கு. உடனே தெரேத்தியாட்டக் குடுன்னுருவா. அவகிட்ட அந்த ஊர்ப் பாஷையில பேச்சு, பேச்சு, அப்படி ஒரு பேச்சு. தெரேத்தியா கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து, "ஹீ ஈட்! ஹீ ஈட்!"ம்பா. அவன் கஞ்சி குடிச்சுட்டானாம். சரி, குடிக்கட்டும். எனக்கென்ன அதுல?

அன்னிக்குக் காலைல ரேடியோ கூப்பிட்டுச்சு. காலைல கூப்பிட மாட்டாங்க. தெரேத்தியா போய்ப் பேசினா. கொஞ்ச நேரம்தான். வந்து, "மதர், பிளேன் கம்மிங் டுடே"ன்னா. எனக்குக் கால் தரையில பாவலை. ஓடிப்போய்க் குளிச்சேன், நல்ல புடவையா ஒண்ணை எடுத்துக் கட்டினேன். நான் வாறதுக்குள்ள அவ பூப் பறிச்சுட்டு வந்து உட்கார்ந்து கட்டுதா. ரெண்டு கட்டினா. ஒண்ணு வட்டமா, தலையில வைக்குற மாதிரி. இன்னொண்ணு நீளம். பக்கத்துல நாலஞ்சு பொம்பளைங்க, ஒருத்தியும் பேசலை. என்னடா இது, நான் போறதுக்கு இவ்வளவு வருத்தமான்னு கூட நினைச்சேன். தெரேத்தியா மூஞ்சியைப் பார்த்தேன். ஒண்ணும் தெரியலை. நார் அறுந்துச்சு, இன்னொரு நார் எடுத்தா.

விமானம் சத்தம் கேட்டதும் கம்பை எடுத்துக்கிட்டுப் போனா. அன்னிக்கு ரன்வேயில பன்னியே இல்லை. இருந்தாலும் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தா.

விமானம் நின்னுச்சு. கதவு திறந்துச்சு. எம் மக இறங்கினா. எனக்கு முதல்ல சந்தோஷம், நம்மளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கான்னு. ஏட்டி உலகுன்னு கூப்பிட்டுக்கிட்டே போறேன். பெத்தவ நான் நிக்கேன், கையை நீட்டிக்கிட்டு. என்னைத் தாண்டிப் போனாம்மா. தாண்டிப் போயி அந்த மணல்ல தெரேத்தியாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்பத்தான் அவ அழுதா. அந்தப் பொம்பளை அழுத சத்தம் இருக்கே, கடல் சத்தமே கேக்கலை. பின்னால பெட்டியை இறக்குதானுவ. நீளப் பெட்டி.

தெரேத்தியா புருஷன் தேறிக்கிட்டுத்தான் இருந்திருக்கான். கஞ்சி குடிச்சான், எழுந்து உட்கார்ந்தான். திடீர்னு ரத்தக்கட்டி போய் நெஞ்சை அடைச்சிருச்சாம்.

ரொம்ப நேரம் கழிச்சு எம் மக எங்கிட்ட வந்தா. எனக்கு ஆத்திரம் தாங்கலை. "ஏட்டி, நீ ஏன் இங்ஙன வந்தே? நீ அங்கயே இருந்திருந்தா நான் வந்து சேர்ந்திருப்பேன்லா? அப்படியே ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருக்கலாம்லா?"

"தெரேத்தியாட்ட யாரும்மா வந்து சொல்லுவா?"

"அதான் ரேடியோவுல சொல்லியாச்சே!"

என்னைப் பார்த்தா. "நாம ரெண்டு பேரும் வீட்டுல இருந்தப்ப, அப்பா போனதை ஆஸ்பத்திரியில இருந்து போன்லதான் சொன்னாங்க. நீ எத்தனை நாள் அந்த போனைத் தொடலை?"ன்னா.

அதையும் இதையும் ஒண்ணாப் பேசலாமா? எங்க வீட்டுக்காரர் எங்க, கள்ளு இறக்குதவன் எங்க?

"சரி, இப்பவாவது வா. லீவு இருக்குல்லா? பைலட்டு நிக்கான்."

"ஆஸ்பத்திரி இத்தனை நாளாப் பூட்டிக் கெடக்கும்மா. இங்க நான் ஒருத்திதான இருக்கேன்."

"அப்ப மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்னட்டி பதில் சொல்ல?"

அவ என் முந்தானையைச் சரி பண்ணி விட்டா. மாத்திரைப் பை எங்க வச்சிருக்கேன்னு கேட்டா. "நீ பத்திரமாப் போம்மா"ன்னா. இங்க நான் ஒருத்திதான்னு சொன்னாளே, எனக்கு மட்டும் எத்தனை பேரும்மா இருக்காவ?

அதை விட அசிங்கம் என்னன்னா, அந்தப் பெட்டி வந்த அதே விமானத்துல நான் ஏறணும். பிணம் வந்த இடம், தண்ணி தெளிக்கலை, துடைக்கலை, என் சீட்டைத் தூக்கிட்டுப் போய் அதே இடத்துல மாட்டுதான். தீட்டுன்னா என்னான்னு அவனுக்கு எப்படிச் சொல்ல? அடுத்த வாரம் போறேன்னு சொன்னா, வருமோ வராதோங்கான்.

தெரேத்தியா எழுந்து வந்தா. அந்த நிலைமையிலயும் வந்தாம்மா. என் பெட்டியை எடை போட்டா. என்னை எடை போட்டா. அந்த ஊர்ல பெட்டி தூக்க வேற ஆளா இல்லை? அவளே தூக்கி உள்ள வச்சா. நீளப் பூவை அப்பத்தான் பார்த்தேன், அந்தப் பெட்டி மேல கெடந்துச்சு. வட்டமாக் கட்டினதை எடுத்துட்டு எங்கிட்ட வாரா. ஒரே பூ, ஒரே நாரு. பிணத்துக்குக் கட்டின கையால கட்டினது. நான் அவுக போனதுக்கு அப்புறம் பூவைக் கையால தொட்டதில்லைம்மா. பூக்காரி தெருவுல வந்தாக் கூட உள்ள போயிருவேன். என்னான்னு நான் சொல்றதுக்குள்ள ரெண்டு கையாலயும் என் தலையில வச்சுட்டா. வச்சுட்டு முன்னால நிக்கா.

எனக்கு உடம்பெல்லாம் எரியுது. பிடுங்கிப் போடணும்னு கையைத் தூக்கினேன். அவ கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, பாத்துக்கிட்டு நிக்கா. கையை இறக்கிட்டேன். என்னத்தச் சொல்ல? அப்படியே ஏறி உட்கார்ந்தேன், தலையில பூவோட. ஊர்ல யாரும் பார்த்திருந்தா என்ன பேசுவாங்க?

கதவைச் சாத்திட்டாங்க. நான் ஜன்னலோரமா உட்கார்ந்தேன், எம் மகளைப் பாக்கலாம்னு. வண்டி ஓடி மேல ஏறினப்புறம்தான் தெரியுது, என் பக்கம் வெறும் கடல். கொட்டகை, ஆஸ்பத்திரி, ஆளுங்க, எல்லாம் அந்தப் பக்கத்து ஜன்னல்ல. அங்க ஒரு தடியன் உட்கார்ந்திருக்கான். ஜன்னல் முழுக்க அவன் தலைதான். எனக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருன்னு சொல்ல வாய் வரலை, பாஷையும் வரலை. பெல்ட்டு இறுக்குது, எழுந்திரிக்க முடியலை. அவன் கீழ பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சுக் கையாட்டுதான். எம் மக கீழ நின்னு கையாட்டினாளா இல்லையான்னு அவனுக்குத்தான் தெரியும்.